எங்கட சுவர் எந்தத் திகதியில் விழுந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். புத்தளம், கல்பிட்டி, பாலாவி, ஆலங்குடாப் பக்கத்து உறவுகள் உள்ளூர், வெளியூர் என்று பிரித்துப் பார்க்காமல் வாசித்தால் இன்னும் சந்தோஷம்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பேர்லின் சுவர் வந்தது. 1961 ஓகஸ்ட் 13 அன்று விடியும்போது நகரத்தின் நடுவில் முள்ளுக்கம்பி அடித்திருந்தார்கள், பிறகு அது கொங்கிறீட் ஆனது, மேற்கு பேர்லினைச் சுற்றி 155 கிலோமீற்றர் நின்றது, அதைத் தாண்டப் பார்த்து குறைந்தது 140 பேர் உயிரை விட்டார்கள் என்று சொன்னேன். 1989 நவம்பர் 9 இரவு அது விழுந்த கதையையும் சொன்னேன். அந்தக் கதை பிள்ளைகளுக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு கட்சிப் பேச்சாளர் பத்திரிகையாளர்கள் முன்னால் கடதாசியைச் சரியாக வாசிக்காமல், எல்லை இப்போதே திறந்தது என்கிற மாதிரிச் சொல்லிவிடுகிறார். சனம் வாசலில் குவிகிறது. மேலிடத்தில் இருந்து ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் ஒரு வாசலில் நின்ற அதிகாரி, நடப்பது நடக்கட்டும் என்று கதவைத் திறந்துவிடுகிறார். 28 வருடச் சுவர் ஓர் இரவில் போனது.

பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. “சேர், எங்கட நாட்டிலயும் றோட்டை மறிச்சு வச்சிருந்தாங்கதானே. அது எந்தத் திகதியில விழுந்தது?”

கேட்ட பிள்ளையின் மூத்தவாப்பா மன்னாரில் இருந்து தோணியில் வந்து கல்பிட்டியில் இறங்கியவர். பிள்ளை பிறந்தது இங்கே. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு திகதி எழுதினேன். அழித்தேன். இன்னொன்றை எழுதினேன். மணி அடித்துவிட்டது.

வகுப்பில் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லவேண்டும். இரண்டு ஜேர்மனியும் ஒரே நாடானது 1990 ஒக்டோபர் 3ஆம் திகதி. அதே ஒக்டோபர் மாதம்தான் எங்கள் மாதமும். 15ஆம் திகதி சாவகச்சேரி முஸ்லிம்கள். கடைசி வாரத்தில் மன்னார்த் தீவு, எருக்கலம்பிட்டி, முசலிப் பக்கம். 30ஆம் திகதி யாழ்ப்பாணம், சோனகதெரு. வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்பும் ஆளுக்குச் சில நூறு ரூபாவும்தான் கொண்டுபோகலாம். மேற்கு பேர்லினுக்குள் கால் வைத்த கிழக்கு ஜேர்மன்காரனுக்கு வரவேற்புப் பணம் என்று 100 மார்க் கையில் கொடுத்தார்கள். ஒரு வருட இடைவெளியில், உலகத்தின் ஒரு மூலையில் சுவரை உடைத்து ஆளுக்குக் காசு கொடுத்தார்கள். இன்னொரு மூலையில் காதில் கிடந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டு றோட்டில் விட்டார்கள். எனக்கு அப்போது 9 வயது.

அந்த நாட்களில் இந்தக் கடற்கரையில் நடந்ததை உள்ளூர்க்காரரின் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கல்பிட்டியிலும் புத்தளத்திலும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் ஒரே நாளில் நிறைந்தன. தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டு, கிடுகு வெட்டிக் குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எங்கள் உம்மா இன்றைக்கும் ஒரு வீட்டுப் பேரைச் சொல்லித் துஆச் செய்வார். முதல் ஒரு மாதம் அந்த வீட்டுச் சோற்றில்தான் நாங்கள் இருந்தோம். பிறகு வருடங்கள் போகப்போக தண்ணிக்கும், கூலி வேலைக்கும், பாடசாலை இடத்துக்கும் இரண்டு பக்கமும் முகம் கோணியதும் உண்மைதான். உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் குறைந்த கூலிக்கு நின்றது எங்கள் ஆட்கள். அதனால் கூலி விழுந்தது என்று கோபப்பட்டது உள்ளூர் ஏழைகள். இரண்டு பேரிலும் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. கிணற்றில் உப்புத் தண்ணி ஊறும் ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூடினால் வேறு என்னதான் நடக்கும்?

சரி, சுவருக்கு வருவோம்.

எங்கள் நாட்டில் கொங்கிறீட் சுவர் நிற்கவில்லை. நின்றது ஒரு வீதி. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் போகும் ஏ9. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபோது யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பிறகு பங்கருக்குப் போயின. ஆனையிறவில் இராணுவம், அதற்கு இரு பக்கமும் புலிகள். யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலில் இரவோடு இரவாகப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து போனது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் அத்தனை பேரையும் புலிகள் ஊரைவிட்டுக் கிளப்பினார்கள். திகதியைக் கவனியுங்கள். எங்களைக் கிளப்பி சரியாக ஐந்து வருடம். அல்லாஹ் தண்டித்தான் என்று எங்கள் முகாமில் சிலர் சொன்னார்கள். வாப்பா அப்படிப் பேசவிடமாட்டார். “மழைக்குள்ள நடந்தது அவங்கட பொம்பிளப் புள்ளைகளும்தான்” என்று மட்டும் சொல்வார்.

டிசம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்தது. நகரம் அரசாங்கத்திடம், போகும் பாதை புலிகளிடம். ஏ9ஐப் பிடிக்க 1997இல் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையில் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் செத்தார்கள். பாதை திறக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் புலிகளிடம் போனது.

பிறகு 2002. பெப்ரவரி 22இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் நோர்வேயின் அனுசரணையில் யுத்தநிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஏ9ஐப் பொதுமக்களுக்குத் திறப்பது அதில் ஒரு வாசகம். ஏப்ரல் 8ஆம் திகதி முகமாலை திறந்து, யாழ்ப்பாணம் வரை பாதை வந்தது. இரண்டு நாள் கழித்து கிளிநொச்சியில் நடந்த அந்தப் பெரிய பத்திரிகையாளர் மாநாட்டில் முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றிக் கேட்டார்கள். அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, திரும்பி வரலாம் என்றார். 13ஆம் திகதி ரவூப் ஹக்கீம் பிரபாகரனைச் சந்தித்து ஓர் இணக்கத்துக்கு வந்தார். அந்த வாரம் எங்கள் முகாமில் ரேடியோவுக்கு பற்றரி தட்டுப்பாடு.

நான் கரும்பலகையில் முதலில் எழுதிய திகதி இந்த 2002 ஏப்ரல் 8.

மே மாதம் வாப்பாவும் நானும் போனோம். புத்தளத்தில் இருந்து அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா. ஓமந்தையில் இராணுவம் எல்லாரையும் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்தது. அதைத் தாண்டினால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம், செஞ்சிலுவைக் கொடியோடு ஆட்கள். பிறகு புலிகளின் பக்கம். புளியங்குளத்தில் பத்திரம் நிரப்பி, கொண்டுபோன சாமானுக்கு ஆயம் கட்டவேண்டும். வாப்பா உறவுக்காரருக்கென்று கொண்டுபோன கருவாட்டுப் பொதிக்கும் கணக்குப் பார்த்தார்கள். பத்திரத்தில் சொந்த இடம் என்று இருந்தது. வாப்பா ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினார். தற்போதைய முகவரிக்கும் கொஞ்ச நேரம் யோசித்து அதையே எழுதப் போனார். நான் கையைப் பிடித்து ‘புத்தளம்’ என்று எழுத வைத்தேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

மாங்குளம், முறிகண்டியில் பஸ் நின்று சனம் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கியது, கிளிநொச்சி, ஆனையிறவில் வெட்டையும் துருப்பிடித்த இரும்பும். முகமாலையில் தலையில்லாத பனைகள். இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகை. திரும்பவும் இறங்கு, திரும்பவும் பையைக் கொட்டு. ஒரே நாட்டுக்குள் ஒரே பகலில் இரண்டு எல்லையைத் தாண்டியிருக்கிறோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பேர்லினில் சுவருக்கு ஏறி நின்று சுத்தியலால் அடித்தவர்களின் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். இங்கே அடிக்க ஒன்றும் இருக்கவில்லை. வரிசையில் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, துண்டை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

சோனகதெருவில் பாதி வீட்டுக்கு ஓடு இல்லை. கதவு, யன்னல், நிலை எல்லாம் கழன்று போயிருந்தன. ஒரு வீட்டின் அறைக்குள் வேப்பமரம் கூரை உயரத்துக்கு நின்றது. எங்கள் வீடு மட்டும் முழுசாக இருந்தது. ஏனென்றால் அதில் ஆட்கள் இருந்தார்கள்.

மயிலிட்டிக் குடும்பம் ஒன்று. கடற்றொழிலாளர்கள். 1990இல் பலாலிப் பக்கத்துச் சண்டையில் ஊரைவிட்டு ஓடி, ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகி, பத்து இடம் மாறிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். அந்த மனுசி எங்களைக் கண்டதும் யார் என்று கேட்கவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே சொன்னா: “அண்ணை, எங்கட ஊரை ஆமி விட்டால் அடுத்த நாளே நாங்கள் எழும்பிப் போடுவம்.”

வாப்பா தையல்காரர். முன் அறையில் அவருடைய வெட்டு மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. முதிரைப் பலகை, எட்டடி. அறைக்குள் வைத்துத்தான் அதைச் செய்தார்களாம். நிலைக்கதவால் வெளியே போகாது. அதனால்தான் தப்பியது. அதில் அந்த வீட்டுப் பெட்டைப் பிள்ளை புத்தகங்களைப் பரப்பி ஓ/எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. வாப்பா மேசையில் கையை வைத்தார். பிள்ளை அவசரமாகப் புத்தகங்களைக் கூட்டியது. “இல்ல மகள், இருங்க, படிங்க” என்றார்.

திரும்பி வரும்போது புளியங்குளம் வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு, “அவங்கட வீட்ட விட்டாத்தான் எங்கட வீடு” என்று ஒரு வார்த்தை. 21 வயதில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதை திறந்தும் எங்களுக்கு என்ன பயன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

இப்போது யோசித்தால், வரலாறு படிப்பிக்கிற ஆளாக எனக்குத் தெரிகிற வித்தியாசம் இது. பேர்லினில் வாசலைத் திறக்க வைத்தது சனம். திரும்ப மூட ஒருவராலும் முடியவில்லை. ஏ9ஐத் திறந்தது துவக்கு வைத்திருந்த இரண்டு தரப்பின் கையொப்பம். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது, பாதை பூட்டியது. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் வியாபாரத்துக்கும் வீடு பார்க்கவும் போயிருந்த எங்கள் ஆட்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டு, கிழமைக்கணக்கில் காத்திருந்து கப்பலில் திருகோணமலை வந்து சேர்ந்தார்கள்.

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி, 9இல் ஆனையிறவு. ஏ9 முழுக்க அரசாங்கத்தின் கையில். மே மாதம் போர் முடிந்தது. வருடக் கடைசியில் இருந்து படிப்படியாகப் பொதுமக்களுக்குப் பாதை விட்டார்கள். நான் எழுதி அழித்த இரண்டாவது திகதி அந்த ஜனவரி 9.

ஏன் அழித்தேன் என்றும் சொல்கிறேன். புத்தளத்தில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் முகாமிலும் சந்தோஷப்பட்டார்கள், மறைக்கவில்லை. ஆனால் அதே ஓமந்தையால்தான் அந்த வருடம் வன்னிச் சனம் வெளியே வந்தது, பதிவு, விசாரணை, பிறகு மெனிக் பாம் முகாமின் கம்பிவேலி. கையளித்த பிள்ளை, புருசன் எங்கே என்று 2017இல் வவுனியா வீதியோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மாருக்கு அந்த வருடத்தின் எந்தத் திகதியைப் போய் ‘சுவர் விழுந்த நாள்’ என்று நான் சொல்வது? எங்கள் வகுப்பில் அந்தச் சனத்தின் பிள்ளைகள் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கமாட்டேன். அப்படியானால் இல்லாதபோதும் எழுதக்கூடாது.

பிறகும் திகதிகள் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 13, யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 2015, ஓமந்தைச் சோதனைச் சாவடியை எடுத்தார்கள். இப்போது பஸ் அந்த இடத்தில் வேகம்கூடக் குறைப்பதில்லை. போன வருடம் மகனுக்குக் காட்டவேண்டும் என்று யன்னல் பக்கம் இருந்தேன். இதுதான் என்று சொல்வதற்குள் தாண்டிவிட்டது.

பாதை இல்லாமல் போனதும் எங்கள் சிக்கல் தீர்ந்துவிட்டதா? நீங்களே அறிவீர்கள். போர் முடிந்தபோது மெனிக் பாமில் இருந்தவர்கள் புதிய அகதிகள், நாங்கள் பழைய அகதிகள். புதியவர்களுக்கு முதலில் என்றார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு அது நியாயம்தான், ஆனால் எங்கள் முறை வரும்போது கொடுக்க மிச்சம் கொஞ்சம்தான். வந்தது ஒரு குடும்பம், போகவேண்டியது நாலு குடும்பம், காணி அதே பத்துப் பேர்ச். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கம் திரும்பிப் போனவர்களுக்கு 20 வருடத்தில் ஊர் காடாகியிருந்தது. 2012இல் அதில் ஒரு பகுதியை வனம் என்று வர்த்தமானியிலும் போட்டார்கள். எலுவன்குளத்தால் மன்னாருக்குப் போகும் பழைய பாதை வில்பத்துவுக்குள்ளால் போவதால் அது வேறு வழக்கு. காட்டைக் காக்கவேண்டும் என்கிறவர்களையும் நான் எதிரி என்று சொல்லமாட்டேன். ஆனால் காடு வளர்ந்ததற்குக் காரணம் நாங்கள் அங்கே இல்லாதது, இல்லாததற்குக் காரணம் நாங்களில்லை.

வாக்கும் அப்படித்தான். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். மன்னாரில் பதிவுள்ள எங்கள் சனம் புத்தளத்தில் இருந்து பஸ்களில் வாக்களிக்கப் போனது. தந்திரிமலைப் பக்கத்தில் றோட்டில் டயர் எரித்து மறித்து, கல்லெறிந்து, சுட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பஸ்ஸில் இருந்து வந்த ஒரு மாமி, “இன்னும் எங்கள றோட்டில மறிச்சிட்டுத்தான் இருக்காங்க” என்று சொன்னது கேட்டது. பிள்ளையின் கேள்விக்கு அவர் 2019இலேயே பதில் சொல்லிவிட்டார்.

ஜேர்மனியில் கிழக்கில் பறிபோன காணி வீட்டுக்கு, நட்டஈட்டுக்கு முன் திருப்பிக் கொடுப்பது என்று சட்டமே போட்டார்கள். இலட்சக்கணக்கில் விண்ணப்பம், வருடக்கணக்கில் வழக்கு. அதிலும் அழுதவர்கள் உண்டு. அந்த வீட்டில் 40 வருடம் இருந்தவன் எழும்பவேண்டும்தானே. ஆனாலும் ஒரு சட்டம் இருந்தது, கேட்க ஒரு மேசை இருந்தது. எங்கள் வெளியேற்றத்தைப் பற்றி முழுசாக விசாரித்து எழுதியது சிவில் அமைப்புகள் கூடி அமைத்த ஒரு பிரஜைகள் ஆணைக்குழு. அறிக்கை வந்தது 2011இல், சம்பவம் நடந்து 21 வருடத்தில்.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியுள்ள கொஞ்சக் காணியும் விடுபட்டது. அந்த மனுசி சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த நாள் இல்லை, அடுத்த மாதம் எழும்பினார்கள். அந்தப் பிள்ளை, இப்போது அதுவும் ஒரு டீச்சர், எனக்குப் போன் எடுத்துச் சொன்னது: “அண்ணா, வீடு கூட்டிக் கழுவி வச்சிருக்கிறம். அப்பாட்டச் சொல்லுங்கோ.” வாப்பா அதற்கு மூன்று வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். புத்தளத்து மையவாடியில் அடக்கியிருக்கிறோம். அதை நான் போனில் சொன்னதும் அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

பூட்டிக் கிடக்கிற வீட்டில் வாப்பாவின் மேசை இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, நனைந்தால் முதிரையும் ஒரு நாள் உழுத்துப்போகும். நிலையை உடைத்து வெளியே எடுத்து லொறியில் இங்கே கொண்டுவரலாம் என்று தம்பி சொல்கிறான். என் மனைவி இந்த ஊர்க்காரி, பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகள், எனக்கு வேலை இங்கே. கொண்டுவருவதுதான் புத்தி என்று எனக்கும் தோன்றியது. உம்மாவிடம் கேட்டோம். “மேச வந்திட்டா பொறகு அங்க என்ன இருக்கு? ஓட்ட மாத்துங்க” என்றார்.

வருகிற விடுமுறையில் ஓடு மாற்றப் போகிறேன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையிடம், மூத்தவாப்பா தோணியில் இருந்து இறங்கிய திகதியை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் பழைய பங்கீட்டு அட்டை, முகாம் பதிவு, ஓமந்தையில் தந்த துண்டு ஏதும் பெட்டிக்குள் கிடந்தால் வீசிவிடாமல் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். உள்ளூர் உறவுகளே, 1990இல் உங்கள் வீட்டில் யார் யாருக்குச் சோறு போட்டீர்கள் என்று உம்மாமாரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். வகுப்பில் வாசிக்க வேண்டும்.